சத்தமே போடாத லேப்டாப்

அக்காவின் தொண்டையில் ஒரு கட்டி. பயப்படும்படியானது இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும். எடுத்த பிறகு குரல் பழையபடி இருக்கும் என்று உத்தரவாதம் தர முடியாது என டாக்டர் கையை விரித்துவிட்டார். அவளோ விடுமுறை நாட்களில் குழு சேர்த்துப் பாடுகிறவள். அதனால் ஆபரேஷனுக்கு முன்பே அவள் குரலைப் பதிந்து வைத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். மற்ற நேரத்தில் ஒலிப்பதிவாளன் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டவன். வீட்டில் என்னை 'எஞ்சினியர்' என்பார்கள். மரியாதைக்காக அல்ல.

குழு ஒத்திகை பார்ப்பது டிரம்ஸ் வாசிப்பவரின் டயர் கடை மாடியில். என் பழைய கம்ப்யூட்டரை அங்கே தூக்கிக்கொண்டு போக முடியாது, அதன் ஃபேன் வேறு மாவு மில் மாதிரி இரையும். குரலுக்கும் வாத்தியங்களுக்குமாக வைக்கிற எட்டு மைக்கும் எட்டுத் தனி டிராக்கில் விழ வேண்டும். அப்போதுதான் வாத்தியங்களை நிறுத்திவிட்டு அக்காவின் குரலை மட்டும் தனியாகக் கேட்கலாம். ஆகவே ஒரு லேப்டாப் வேண்டும்.

மெமரி, பேட்டரி, யூஎஸ்பி ஓட்டை என்று ஊரில் உள்ள லேப்டாப்பை எல்லாம் அலசிப் பிழிந்து காயப்போட்டேன்.

"டேய், என் ஆபரேஷனே முடிஞ்சு தையல் பிரிச்சிடுவாங்க போலிருக்கு. நீ இன்னும் வாங்கலையா?" என்றாள் அக்கா.

"விஷயம் தெரியாம பேசாதக்கா. ஃபேன் சத்தம் ஒரு துளி விழுந்தாலும் உன் குரல் போச்சு."

கடையில் ஒவ்வொரு லேப்டாப்பிலும் காதை வைத்துக் கேட்டேன். விற்கிற பெண் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"சார், அது பேசாது."

"பேசக்கூடாதுன்னுதாம்மா பாக்குறேன்."

கடைசியில் ஃபேனே இல்லாத ஒன்றை வாங்கினேன். ஊமை. பெருமை தாங்கவில்லை எனக்கு.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டயர் கடை மாடியில் கூடினோம். எல்லா மைக்கும் ஒரு பெட்டிக்கு வந்து, பெட்டியிலிருந்து ஒரே ஒயர் லேப்டாப்புக்குப் போனது. ஹெட்ஃபோனைப் பெட்டியில் சொருகி, காதில் மாட்டிக்கொண்டு, லேப்டாப்பை மடியில் வைத்து ஜம்மென்று உட்கார்ந்தேன். அக்கா பாடினாள். என்ன குரல்! திரையில் எட்டு கோடுகளும் அச்சு அசலாக ஒரே மாதிரி ஏறி இறங்கின. அடடா, என்ன ஒற்றுமையாக வாசிக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன்.

"போட்டுக் காட்டு, கேப்போம்" என்றார் அக்காவின் கணவர், கீபோர்டை மூடியபடி.

"அரைவேக்காட்டை எல்லாம் காட்ட மாட்டேன் மாமா. வீட்டுல உக்காந்து செதுக்கித் தரேன்."

மறுநாள் அக்காவை ஆபரேஷன் தியேட்டருக்குள் அனுப்பிவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்து அவள் டிராக்கைத் திறந்தேன். யாரோ ஒருவன் பாடினான். அடுத்த டிராக்கிலும் அவனே. எட்டிலும் அவனே. அது நான்தான்.

லேப்டாப்பின் மூடியில் பொட்டு மாதிரி ஒரு மைக் இருக்கிறது. பெட்டியிலிருந்து பதி என்று லேப்டாப்புக்குச் சொல்லாவிட்டால், அது பாட்டுக்கு அந்தப் பொட்டிலிருந்து பதியும். நான் சொல்லவில்லை. ஹெட்ஃபோன் போட்டவனுக்குத் தன் சத்தம் தெரியாது. அக்காவோடு சேர்ந்து நானும் வாய்விட்டுப் பாடியிருக்கிறேன், பொட்டுக்கு ஒரு சாண் தூரத்தில். அக்கா எங்கோ பின்னால் மெலிசாகக் கேட்டாள். சின்ன வயதில் நான் கூடப் பாட வாயெடுத்தாலே, "நீ வாயை மூடுடா, பாட்டு பொழைச்சுக்கும்" என்பாள். பாவி, ஊமை லேப்டாப்பைத் தேடி அலைந்தவன் என் வாயைக் கட்ட மறந்தேனே!

வீடு திரும்பியும் அவள் பேசக்கூடாது, சிரிக்கவும் கூடாது என்று உத்தரவு. நாலு நாள் மறைத்துப் பார்த்தேன். கை நீட்டிக்கொண்டே இருந்தாள். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. திரும்பினால், அவள் தோள் குலுங்குகிறது. அழுகிறாள் என்று பதறினேன்.

"சிரிக்காதடி! தையல் பிரிஞ்சிடும்!" என்று மாமா ஓடி வந்தார்.

அழிப்பதற்கு லேப்டாப்பை எடுக்கப் போனேன். கையில் பட்டென்று அடித்தாள். மறுபடி முதலிலிருந்து கேட்டாள். பிறகு தினமும் கேட்டாள்.

டாக்டர் பேசலாம் என்று சொன்ன அன்று எல்லோரும் அவளைச் சுற்றி நின்றோம். என்ன குரல் வரப்போகிறதோ என்று யாருக்கும் மூச்சே வரவில்லை. அவள் என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"ரெண்டாவது சரணத்துல சுருதியை விட்டுட்டடா, எருமை."

குரல் கரகரவென்று, கனமாக, யாருடையதோ மாதிரி இருந்தது. திட்டு மட்டும் அக்காவுடையது.