ஜக்சன் போட்ட 'அதனால்'

...இல்லை, அந்த 'அதனால்' தன்னுடையதல்ல, தம்பி ஜக்சன் போட்டது, பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார்ந்து தன் வாக்குமூலத்தை மறுபடி வாசித்தபோதுதான் மக்டலினுக்கு அது உறைத்தது. 'ஆட்டோச் சாரதி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார், அதனால் எதிரே சைக்கிளில் வந்தவரைக் காணவில்லை.' வழுக்கிக்கொண்டு போகிற வசனம்... அவள் முதலில் எழுதியது அப்படியா இருந்தது? மழை, சந்தை வளைவில் ஹோர்ன் சத்தம், எங்கேயோ ஒரு போன் அடித்தது, றோட்டெல்லாம் தக்காளி, பிறகு சைக்கிளில் வந்த முனீப் காலைப் பிடித்துக்கொண்டு கத்தியது, அவ்வளவுதான். "அக்கா, இது ஒண்டோட ஒண்டு ஒட்டேல்ல, ஆர் நம்புவினம்?" என்று சொல்லி, சட்டத்தரணியிடம் வேலை செய்கிறவன் அல்லவா, ஒழுங்காக்கித் தந்தான். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று நாலைந்து தரம் வாசித்தாள். பக்கத்து வீட்டிலும் கோயிலிலும் அப்படியே சொன்னாள், எல்லோரும் தலையாட்டினார்கள். முனீபின் மனைவி மைமூனா கையைப் பிடித்து அழுதாளே, நீங்கள் கண்டதால்தான் எங்களுக்கு நியாயம் கிடைக்கப்போகுது என்று... எதிர் வாங்கில் சாரதி சசிகரன் நிலத்தைப் பார்த்தபடி இருக்கிறான், லைசன்ஸ் போனால் அவன் என்ன செய்வான், ஆனால் முனீபின் கால்?

உள்ளே கூப்பிட்டார்கள். "அவர் போன் கதைச்சதைக் கண்டனீங்களோ?" என்று பொலிஸ்காரர் கேட்டார். ஓம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, எப்படித்தான் விழுங்கினாளோ. "போன் அடிச்சது கேட்டது சேர். ஆற்ற போன் எண்டு சொல்ல ஏலாது. மற்றது தம்பி எழுதினது." பிறகு மழை, ஹோர்ன், தக்காளி என்று முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். அவர் பேனையை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "எழுதித் தந்தது விளங்கினது அம்மா, நீங்கள் சொல்லுறதுதான் விளங்கேல்ல." ஆனாலும் அந்த வசனத்தை வெட்டிவிட்டு ஒப்பம் வாங்கினார். வெளியே வெயில். மைமூனாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தபடி அந்த நாளை மறுபடி நினைத்துப் பார்த்தாள்... மழை வரவில்லை, தக்காளி மங்கலாகத்தான் வந்தது, சசிகரனின் இடது காதில் கைபேசி மட்டும் பளிச்சென்று தெரிந்தது, அவன் வாய் அசைவதுகூட. வெட்டியது பேப்பரில் மட்டும்தானா... ஒருவேளை, உண்மையாகவே கண்டிருந்தாளோ?