ஏழாம் நம்பர் பெட்

பித்தப்பைக் கல்லோடு இரண்டு வருடம் குடித்தனம் நடத்திய திலகவதி, ஒருவழியாக ஆபரேஷனுக்குத் துணிந்து, துணிப்பையை மார்போடு அணைத்தபடி வந்து நின்றாள். திருநங்கை. போன தடவை வேறோர் ஊர் ஆஸ்பத்திரியில் அவளை ஆண்கள் வார்டில் படுக்கச் சொன்னார்கள். நாற்பது ஆண்கள் நடுவே ஒரு பெண் எப்படிக் கண் மூடுவாள்? பையைக்கூடப் பிரிக்காமல் வலியோடு வீடு திரும்பிவிட்டாள்.

ஆரணி ஆற்றோரத்து இந்தத் தர்ம ஆஸ்பத்திரியில் கதை வேறு. அவரவர் சொல்லும் பாலினமே செல்லும் என்ற கோர்ட் தீர்ப்பைப் படித்ததிலிருந்து ஹெட் நர்ஸ் தேவிப்ரியா பம்பரமாய்ச் சுழன்றிருந்தாள்.

"உங்களுக்குன்னே ரூம் ரெடி பண்ணி வச்சிகினு இருக்கோம், வாங்க," என்று பெருமையாய் ஒரு கதவைத் திறந்தாள். புதுப் பெயின்ட், புது மெத்தை. ஆனால் வராந்தாவின் கடைசி அறை. எதிரே வெறும் சுவர்.

திலகவதிக்கு வலி இரட்டிப்பானது.

"ராத்திரி வலிச்சா இங்கேருந்து யாரைக் கூப்பிடுவேன்? துணைக்குக்கூட ஆள் இல்லீங்க. பொம்பளைங்க வார்டுலயே போடுங்க."

மூன்று மாதம் அந்த அறைக்காக அலைந்தவள், பாவம், தேவிப்ரியாவின் முகம் சுருங்கிவிட்டது. "அங்க இருக்கிறவங்கள ஒரு வார்த்தை கேட்டுகினு வரேங்க."

"அவங்களுக்கு பெட் குடுக்கறப்போ என்னைக் கேட்டீங்களா?"

அடேயப்பா! தேவிப்ரியா சிரித்துவிட்டாள். "தப்பு எம்மேலதாங்க. ஏழாம் நம்பர் பெட், வாங்க."

தலை நிமிராமல் திலகவதி வார்டுக்குள் நுழைந்தாள். எட்டாம் பெட்டில் படுத்திருந்த புஷ்பலதா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"பாவு பிணைக்கிற அக்காதானே? எங்க தறியில பாவு முடிஞ்சி பத்து நாளாவுது. உன்னைத் தேடாத தெரு இல்ல!"

பாவு என்பது தறியில் நெடுக ஓடும் நூல். பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கிச் சேர்ப்பது திலகவதியின் தொழில். ஆயிரக்கணக்கான இழை. அவள் கை படாமல் பாதி ஊரில் தறி ஓடாது.

தேவிப்ரியா படிவத்தை நீட்டினாள். "துணை ஆள் பேரு சொல்லுங்க. அது இல்லாம ஆபரேஷன் பண்ண மாட்டாங்க."

திலகவதி பையை இறுக்கிக்கொண்டாள். எல்லாம் கூடி வந்து இங்கேயா முட்ட வேண்டும்?

மருமகள் புஷ்பலதாவுக்குத் துணையிருந்த சின்னம்மாள், வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "ரெண்டு பேரைப் பாத்துக்க எனக்குக் கண்ணு இல்லியா? சின்னம்மாள்னு எழுதும்மா."

"உறவு?"

"பக்கத்து பெட்டு."

தேவிப்ரியா அப்படியே எழுதினாள். திலகவதிக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது, துடைக்கவும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, பையைப் பிரித்து, சீப்பையும் டம்ளரையும் அலமாரியில் எடுத்து வைத்தாள்.