எல்லாரும் ஒப்புக்கொண்ட வாக்கியம்

அண்ணன் தோட்டத்துக் கூலியாள் வேடியப்பனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு யோகலட்சுமி விமானம் ஏறி வந்தாள் என்றால், அது அவன்மேல் இருந்த பாசத்தால் அல்ல. அண்ணன் சுந்தரமூர்த்தி போனில் அழுதுவிட்டார். "சண்ட போட்டுகினு கீற நாட்டுக்காரங்களயெல்லாம் உக்கார வச்சிப் பேசுற. நம்ம ஊட்டுக்கு வந்து பேச மாட்டியா?" என்றார். பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அவளுக்கு என்ன வேலை என்று திருத்தணியில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஐரோப்பாவில், ரசாயன ஆயுதங்களை ஒழிப்பதற்கென்று இருக்கும் அமைப்பில் கொள்கை அதிகாரி. அதாவது, எங்கோ ஓர் ஊரில் விஷவாயு விழுந்து பிள்ளைகள் நுரை தள்ளிச் செத்திருப்பார்கள். தூதர்கள் கூடுவார்கள். போட்டவன் பெயரைச் சொல் என்று ஒரு பக்கம் நிற்கும். சொன்னால் கையெழுத்துப் போடமாட்டோம் என்று இன்னொரு பக்கம் முறுக்கும். இரண்டு பக்கமும் தலையாட்டுகிற மாதிரி ஒரு வாக்கியத்தைத் தேடிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. பல வருஷமாகக் கொடுக்கிறாள், கெட்டிக்காரி என்று பெயர். அந்த வாக்கியங்களால் ஒரு பிள்ளையாவது பிழைத்ததா என்று ஆரம்பத்தில் தன்னையே கேட்டுக்கொள்வாள். இப்போதெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை.

நடந்தது இதுதான். சுந்தரமூர்த்திக்குத் திருவாலங்காடு பக்கம் கரும்புத் தோட்டம். பூச்சி விழுந்துவிட்டதென்று, தடை போட்ட மருந்தை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்பிரேயர் டேங்க் ஒழுகுவது தெரிந்தே அதை வேடியப்பன் முதுகில் மாட்டிவிட்டார். கையுறை கிடையாது, முகமூடி கிடையாது. முதுகு நனைய நனைய அடித்த மனுஷன் மதியத்துக்குள் வரப்பில் விழுந்தான். என்ன ஆச்சு என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "மருந்தக் குடிச்சிட்டான்" என்றார் சுந்தரமூர்த்தி. தற்கொலை என்று எழுதிக்கொண்டார்கள். கதை முடிந்தது.

இதையெல்லாம் அண்ணன் வாயாலேயே யோகலட்சுமி கேட்டாள். போரில் போடுகிற நரம்பு விஷமும் கரும்புக்கு அடிக்கிற இந்த மருந்தும் பங்காளிகள். அவள் அறிக்கைகளில் படித்த அதே சாவைத்தான் வேடியப்பன் செத்திருக்கிறான்.

காரியத்துக்கு முந்தின நாள், மலையடிவாரத் தெருவில் இருந்த வேடியப்பன் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி கௌரியம்மாள் பாய் விரித்து உட்காரச் சொன்னாள்.

"பணங்காசெல்லாம் வாணாம்மா. எங்க ஊட்டுக்காரரு குடிக்கலன்னு உங்க அண்ணன் நாலு பேரு எதிர்ல சொல்லட்டும், போதும். அபிக்கு ஆர்.கே.பேட்டையில நிச்சயம் பண்ணிகீறோம். மருந்து குடிச்சவன் ஊட்டுப் பொண்ணு வாணாம்னு அங்க பேசிகினு கீறாங்களாம். மாப்ளயோட அப்பா நாளைக்கு வராரு. அவரு காதுல உழணும்."

மகள் அபி கதவோரம் நின்று தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனோ ஒரே பிடியாக நின்றார். "சொன்னா மறுநாளே போலீஸ் வந்து நிக்கும். கூடப் பொறந்தவன உள்ள தள்ளத்தான் வந்தியா?" அண்ணி புஷ்பலதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

யோகலட்சுமி இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்தாள். பொழுது சாய்வதற்குள் வாக்கியம் கிடைத்துவிட்டது. "எங்க தோட்டத்துல வேல செஞ்ச வேடியப்பன், மருந்து உடம்புல ஏறித் தவறிட்டாரு." அண்ணன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டார்.

"இதுல குடிக்கலன்னு வர்லியேம்மா?" என்றாள் கௌரியம்மாள்.

"குடிச்சாருன்னும் வரலியே கௌரிக்கா."

"நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

மறுநாள் ஆற்றங்கரையில் சடங்கு முடிந்து வந்து எல்லாரும் வாசல் பந்தலில் உட்கார்ந்தார்கள். சுந்தரமூர்த்தி எழுந்து, மனப்பாடம் செய்ததைப் பிசகாமல் சொன்னார். தலைகள் ஆடின. மாப்பிள்ளையின் தகப்பன் வீரபத்திரன் மட்டும் ஆட்டவில்லை. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிற மனுஷர்.

"ஒன்னு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. அப்ப வேடியப்பன் குடிக்கலன்னு சொல்றீங்களா?"

சுந்தரமூர்த்தி திருதிருவென்று தங்கையைப் பார்த்தார். கௌரியம்மாளும் அவளைத்தான் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு பெண்ணின் கல்யாணம் காத்துக்கொண்டிருந்தது. ஆனால் பாழும் பழக்கம் முந்திக்கொண்டது.

"மருந்து உடம்புல ஏறினதுதாங்க உண்மை. எப்படி ஏறுச்சுன்னு இப்ப பேசி யாருக்கு என்னா ஆவப்போவுது?" என்றாள் யோகலட்சுமி.

"ஆங்" என்றார் வீரபத்திரன். இலை போட்டிருந்தும் உட்காராமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். "குடிச்சிதான் இருப்பான், பாவம்" என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னது பந்தல் முழுக்கக் கேட்டது. சுந்தரமூர்த்தி மறுக்கவில்லை.

அப்போதுதான் யோகலட்சுமிக்குத் தான் செய்த காரியம் உறைத்தது. ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் வீரபத்திரன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, அவரு குடிக்கல. ஒழுவுற டேங்க முதுகுல மாட்டி அடிக்கச் சொன்னது எங்க அண்ணன். ஆஸ்பத்திரில பொய் சொன்னதும் அவருதான்." பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

"தெரியும்மா" என்றார் வீரபத்திரன்.

"அப்புறம் ஏன் பந்தல்ல கேட்டீங்க?" என்றாள் அவள்.

"வேடியப்பன் அப்படிப்பட்ட ஆளா? எனக்குத் தெரிஞ்சி என்னா பண்றது? நாளைக்கு எங்க சனம் கேக்கும். தோட்டக்காரரே பந்தல்ல சொன்னாருன்னு வாய அடைச்சிருப்பேன். அதுக்குத்தான் அத்தினி பேரு எதிர்ல கேட்டேன். நீங்க ஒரு பதில் சொன்னீங்க பாருங்க..."

"இப்பவே திரும்பி வாங்க. எல்லார் எதிர்லயும் சொல்றேன். போலீஸ்லயும் சொல்றேன்."

"சொல்லுங்க, நல்லது. ஆனா உங்க அண்ணன் வாயால வர்லன்னா எங்க சனம் நம்பாது. கேசு முடியறதுக்குள்ள எங்க ஆளுங்க எம் பையனுக்கு வேற எடத்துல முடிச்சிடுவாங்க. வேற பொண்ணு பாக்க எங்க ஊட்டம்மா காலையிலேயே ஆள் அனுப்பிட்டா." கண்டக்டர் விசில் அடித்தார். "அந்தப் பொண்ண நெனச்சாதாம்மா மனசு ஆறல" என்றார். பஸ் கிளம்பிவிட்டது.

யோகலட்சுமி மலையடிவாரத் தெருவுக்குத் திரும்பினாள். பந்தல் காலைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் உறுதி செய்துகொண்டுதான் வந்தாள். கௌரியம்மாள் வாசற்படியில் எழுந்து நின்றாள்.

"என்னாம்மா சொன்னாரு?"

அந்த முகத்தைப் பார்த்தாள். வாய் தானாக ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தது.

"யோசிச்சிச் சொல்றேன்னாரு."

"ஆங், யோசிக்கட்டும்மா. நல்லா யோசிக்கட்டும்." கௌரியம்மாள் முகத்தில் உயிர் வந்தது. உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அபி, நிச்சயத்துக்கு அவங்க எடுத்துக் குடுத்த பொடவயத் திருப்பி அனுப்ப வாணாம்டி. மடிச்சி உள்ளயே வை."