பதின்மூன்றாவது வரி

பாடப்புத்தகம் போடும் பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள் அவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிப்பவள் என்று அலுவலகத்தில் பெயர். ஓர் ஒற்றுப்பிழைகூட அவளிடமிருந்து தப்பாது.

கணவர் பஸ் ஓட்டியவர். முழங்கால் தேய்ந்து வேலை போனதும், இணையப்பக்கம் செய்யக் கற்றுத்தரும் வகுப்பில் சேர்ந்தார். "மலைப்பாதையில பிரேக் பிடிக்காம போனப்பகூட இப்படி வேர்க்கல. ஒரு கமா விட்டுப்போனா பக்கமே படுத்துக்குது," என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் தயங்கித் தயங்கி வந்தார்.

"மூணு நாளா மண்டையை உடைச்சுக்கிறேன். நான் செய்யற பக்கத்துல நாலு படம் வருது, அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல. தப்பு எங்கன்னு தெரிய, எழுதினதைப் பாதிப் பாதியா வெட்டிப் பாருங்கன்னு வாத்தியார் சொன்னாரு. வெட்டிப் பார்த்தேன், புரியல. நீ ஒரு தடவை படிச்சுப் பாரேன்."

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க."

"அர்த்தம் தெரிய வேணாம். எழுத்தை மட்டும் பாரு."

"என்ன படம்?"

அவர் தரையைப் பார்த்தார். "குருவியோடது."

குருவி என்பது மகள். ஏழு வயதில், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாள். இரண்டு வருடமாக அந்தப் பெயரை இருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மகளின் பொருள்களை அவள்தான் பெட்டியில் போட்டுப் பரண்மேல் ஏற்றியிருந்தாள். அவர் எப்போது இறக்கினார், எப்போது படமெடுத்தார் என்று அவள் கேட்கவில்லை. மடித்த துணியை அப்படியே வைத்துவிட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள்.

அலுவலகத்தில் செய்வதுபோல ஓர் அளவுகோலைத் திரையில் வைத்து, அவர் எழுதிய கட்டளைகளை வரிவரியாகப் படித்து இறக்கிக்கொண்டே வந்தாள். நடுநடுவே அவர் தனக்காக எழுதிவைத்த குறிப்புகள் இருந்தன.

"பக்கத்தைத் திறந்தா இதெல்லாம் தெரியாது. எனக்கு மறந்துபோகும்ல, அதுக்கு," என்றார்.

ஒவ்வொரு குறிப்பும் இரண்டு சிறுகோடும் ஓர் அம்புமுனையுமாக முடிந்தது. கடைசிக் குறிப்பில் கோடு ஒன்றுதான் இருந்தது.

"இங்க பாருங்க. எல்லாத்துலயும் ரெண்டு கோடு, இதுல ஒண்ணு."

"அடக்கடவுளே! குறிப்பு முடியவே இல்ல. அதான் கீழே இருக்கிறதையெல்லாம் முழுங்கிடுச்சு."

அவள் அந்தக் குறிப்பை அப்போதுதான் படித்தாள். 'இந்தத் தாளை எப்போது எழுதினாள்? அவள் அம்மாவிடம் கேட்க வேண்டும். கேட்கத் தைரியம் வரவில்லை.'

விட்டுப்போன கோட்டை அவர் சேர்த்தார். ஐந்தாவது படம் வந்தது. கோடுபோட்ட நோட்டுத் தாள். 'பள்ளி, பள்ளி, பள்ளி' என்று குண்டு குண்டாக ஒரு வரிக்கு ஒன்று. பதின்மூன்றாவது வரியில் 'ப' மட்டும் இருந்தது. அதன் கடைசிக் கோடு சரிந்து தாளின் ஓரம்வரை போயிருந்தது.

அவள் விரல் அந்த வரியில் நின்றது.

"பல்லிக்குப் போறேன்னு எழுதியிருந்தா. இருபது தடவை எழுதுன்னு உட்கார வச்சேன். தலை வலிக்குதும்மான்னா. சாக்கு சொல்லாதே, முடிச்சுட்டுப் படுன்னேன். அப்படியே மேஜைமேல சாய்ஞ்சா. நான் நடிக்கிறான்னு நினைச்சேங்க. தொட்டுப் பார்க்கல. ஒரு மணி நேரம் தொட்டே பார்க்கல."

அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "மறுநாள் காலையில லீவு போடுங்கன்னு நீ கெஞ்சுனே. வண்டியை எடுத்துட்டுப் போனேன்," என்றார். 

இருவரும் ஒருவரையொருவர் தேற்றவில்லை. தேற்றத் தெம்பில்லை. அவர் கை அவள் முதுகில் இருந்தது, அவ்வளவுதான். வெயில் சன்னலைவிட்டு இறங்கியது.

"இதை எடுத்துடவா?" என்றார் கடைசியில்.

"வேணாம். அவ எழுதுனதுதானே."

மறுநாள் வகுப்பில் அவர் பஸ் நேர அட்டவணை ஒன்றைச் செய்து காட்டினார். நன்றாக இருக்கிறது என்றார்கள். குருவியின் பக்கம் வீட்டுக் கணினியிலேயே இருந்தது. சில மாலைகளில் அவள் அதைத் திறந்து பார்ப்பாள். முதல் படம் பார்ப்பாள், இரண்டாவது பார்ப்பாள். அதற்குக் கீழே போக இன்னும் அவளால் முடியவில்லை.