நாலாம் கட்டத்தில் ஒரு டிக்

மெத்தையின் ஓரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அடியிலிருந்த ஆஸ்பத்திரிக் கவரை மறுகையால் உருவினாள் பொன்னி. அப்பாவின் உயிர் காலை ஆறரைக்குப் பிரிந்திருந்தது. உடம்பை ஹாலில் ஐஸ் பாளங்களுக்கு மேல் கிடத்தியிருந்தார்கள்.

"டிஸ்சார்ஜ் பேப்பர் இருந்தாப் போறும் பொன்னி. மயானத்துல கேப்பா" என்று ஹாலிலிருந்து குரல் கொடுத்தார் வைத்தி அங்கிள். அப்பாவுக்கு ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர், தலைநகரின் இதே கிட்வாய் நகர்க் குடியிருப்பில் இரண்டு பிளாக் தள்ளி இருப்பவர். "செந்தில் ஏர்போர்ட்லேர்ந்து கெளம்பிட்டானாம். வேன் மூணு மணிக்கு."

தம்பி செந்தில் வந்ததும் எடுத்துவிடுவார்கள். கட்டிலின் கால்மாட்டில் அம்மா அம்சவேணி தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அழவும் இல்லை, பேசவும் இல்லை.

கவரிலிருந்த தாள்களில் ஒன்று கம்ப்யூட்டரில் அச்சடித்தது. இராஜமாணிக்கம், வயது 58, தேதி 12.12.2004. அடியில் தடித்த எழுத்தில் ஒன்பது சதவீதம். அந்த ஒன்பதை அவள் செத்தாலும் மறக்கமாட்டாள்.

டிசம்பரில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனபோது, அபினவ் என்ற ஆராய்ச்சியாளன் லேப்டாப்போடு வார்டுக்கு வந்தான். ஆயிரத்து இருநூறு நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்களாம். புதிதாக ஒருவரின் விவரத்தைக் கொடுத்தால், அவர் எழுந்து நடமாடுவாரா மாட்டாரா என்று அதுவே கணித்துச் சொல்லுமாம். பயிற்சி வார்டில் பன்னிரண்டு கட்டில்தான். முப்பது சதவீதத்துக்கு மேல் வந்தால் அங்கே இடம், தினம் இரண்டு வேளை பிஸியோதெரபி. அப்பாவுக்கு வந்தது ஒன்பது. வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள். ஐம்பது நாள் மல்லாந்து கிடந்தார், நெஞ்சில் சளி கட்டியது, முடிந்தது.

ஒன்பதுக்கு மேலே இருந்த வரிகளை அவள் இதுவரை படித்ததே இல்லை. 'நோய்க்கு முந்தைய நிலை: 4' என்று ஒரு வரி இருந்தது. அது என்ன நாலு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மொபைல் அடித்தது.

"மேடம், அபினவ் பேசறேன். அறுபதாவது நாள் விசாரணை." இந்தியில்தான் பேசினான். "பேஷன்ட் எப்படி இருக்கார்? நடக்கிறாரா?"

"இறந்துட்டார். இன்னிக்குக் காலையில."

"ஓ. ஸாரி மேடம். ரொம்ப வருத்தமா இருக்கு." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றான்.

பொன்னி அந்த வரியில் விரலை வைத்தாள்.

"நாலுன்னா என்ன?"

"ஜி?"

"உங்க தாள்ல போட்டிருக்கே. நோய்க்கு முந்தைய நிலை, நாலு."

"அதுவா? ஸ்ட்ரோக் வர்றதுக்கு முன்னாடியே பேஷன்ட் எவ்வளவு தூரம் முடியாதவரா இருந்தார்னு. ஸைபர்னா ஒரு குறையும் இல்லை. நாலுன்னா குளிக்க, உடுக்க, எல்லாத்துக்கும் ஆள் வேணும். அப்படிப்பட்டவங்க அநேகமா தேற மாட்டாங்க. கம்ப்யூட்டர் அதைத்தான் முக்கியமா பார்க்கும்."

"எங்கப்பா தினம் சார்ட்டர்ட் பஸ் பிடிச்சு ஆபீஸ் போனவர்! செக்‌ஷன் ஆபீசர்!"

"ஆனா மேடம்... நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னாள். அன்று வார்டில், அப்பா வீட்டில் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்வாரா என்று அவன் கேட்டபோது, பொன்னி அம்மாவைப் பார்த்தாள். இரண்டு நாளாகத் தலைகூட வாராமல் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மா. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் படுத்திருந்தபோதும் ஹாலிலிருந்து 'தண்ணி' என்று வந்த குரலுக்கு எழுந்துபோன அம்மா. பொன்னிக்கு அந்த வயிற்றெரிச்சல் இருபது வருஷத்துப் பழசு. "ஒரு டம்ளர் தண்ணிகூடத் தானா எடுத்துக் குடிச்சதில்லை. துண்டு, சட்டை, பெல்ட், எல்லாம் அம்மா எடுத்துக் குடுக்கணும்" என்று இந்தியில் பொரிந்து தள்ளினாள். எல்லாத்துக்கும் ஆள் வேணுமா என்று கேட்டான். எல்லாத்துக்கும் என்றாள். நாலு என்று போட்ட கட்டத்தில் டிக் அடித்தான். யாரோ ஒருவர் கடைசியில் அவளுடைய புகாரை எழுதிக்கொண்டதுபோல அவளுக்கு அப்போது திருப்தியாகக்கூட இருந்தது.

"அவரால முடியாம இல்லை. அவர் செய்யலை! ரெண்டும் ஒண்ணா? உங்க வீட்டுல உங்கப்பா தானா தண்ணி எடுத்துக் குடிக்கிறாரா?"

கீபோர்டு சத்தம் நின்றது.

"அதை மாத்துங்க. இப்பவே மாத்துங்க."

"ஒரு தடவை பதிஞ்சுட்டா மாத்த முடியாது மேடம்."

"அப்ப அடுத்து வர்ற ஆளுக்கும் எங்கப்பாவைக் காட்டித்தான் உங்க மெஷின் சொல்லுமா? பாரு, இப்படி இருந்தவன் செத்துட்டான்னு?"

"அது என் கையில இல்லை மேடம்."

போனை அணைத்து மெத்தைமேல் எறிந்தாள். கட்டிலருகே ஸ்டூலில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் ஒருநாள் அப்பாவின் வலது கை, விழுந்துபோன அந்தக் கை, போர்வைமேல் மெல்ல நகர்ந்து இந்த டம்ளரைத் தொட்டது. அவள் கண்ணால் பார்த்தாள். இரண்டு விரல் மடங்குவதற்குள் அம்மா ஓடிவந்து டம்ளரை எடுத்து, தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டிவிட்டாள். 'அவரே எடுக்கட்டும்மா' என்று கத்தினாள் பொன்னி. அன்றைக்கு அங்கே சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருந்திருந்தால்!

"அந்த கம்ப்யூட்டர் ஆளா?" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பொன்னி தரையில் உட்கார்ந்தாள். சொல்லாமல் இருந்துவிடலாம். இனி சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை.

"அம்மா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில அந்த ஆள்கிட்ட நான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்? நான் இந்தியில..."

"முப்பது வருஷமா இந்த ஊர்ல காய் வாங்கறேன்டி. இந்தி எனக்குப் புரியாதா?" அம்மாவின் குரல் ஏறவில்லை. "அவன் எதுக்குக் கேக்கறான்னும் புரிஞ்சுது. இல்லப்பா, அவரால முடியும், நான்தான் பழக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துது. சொல்லலை."

"ஏம்மா?"

"உங்கப்பா முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தார். நீ சொல்றதெல்லாம் கேட்டுக்கிட்டு என்னையே பாத்தார்." அம்மா புடவைத் தலைப்பை இழுத்து மடியில் சுருட்டினாள். "நல்லாக் கேக்கட்டும்னு இருந்துட்டேன்."

ஹாலில் நாற்காலி நகர்ந்தது.

"பொன்னி, ஒரு டம்ளர் தண்ணி கொண்டாயேன்" என்றார் வைத்தி அங்கிள்.

எழுந்திருப்பதற்கு அம்மாவின் கை தானாகவே தரையில் ஊன்றியது. பொன்னி அந்தக் கையைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொன்னி?"

இருவரும் அசையவில்லை. சற்று நேரம் கழித்து அவர் சமையலறைக்குப் போவது கேட்டது. ஒரு அலமாரி திறந்து மூடியது. இன்னொன்று திறந்தது. "டம்ளரெல்லாம் எங்கேம்மா இருக்கு?"

ஸ்டூல்மேல் இருந்த டம்ளரில், விடியற்காலையில் அம்மா ஊற்றி வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது.