பவுடர் பூசிய கை

நவரட்ணத்துக்கு நோய், வருத்தம் என்று ஒன்றும் இல்லை. அது வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் அவருக்கு நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்க மனேச்சராக இருந்த மனிதர், ரொறன்ரோவுக்கு வந்து ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினார். ஒருநாள், ஊரில் அவருக்குக் கீழே கிளார்க்காக இருந்த அன்புராசா அங்கே சாப்பிட வந்தவன், குசினிக்குள் எட்டிப் பார்த்து, "ஐயா, நீங்களோ?" என்று கேட்டுவிட்டான். அடுத்த நாளே மனுசனுக்குக் கை கால் ஏலாமல் போய்விட்டது. அந்தக் கோடை முழுக்கச் சோபாவே கதி.

குடும்ப வைத்தியர் இரத்தம் சோதித்து, ஒன்றுமில்லை என்றார். மனைவி தவமணி விடுகிற ஆளா? ஒபிஸ் துப்புரவு வேலையில் கூட நிற்கும் சீனப் பெண்ணிடம் விசாரித்து, ஸ்பதைனாத் தெருவில் ஒரு சீன வைத்தியரிடம் அப்போயின்ற்மென்ற் எடுத்துவிட்டாள்.

"அந்த டொக்டரிட்ட ஒரு மிசின் இருக்காம். உடம்பில சக்தி எவ்வளவு குறையுதெண்டு கொம்பியூட்டரில காட்டுமாம்."

நவரட்ணம் சோபாவில் எழும்பி இருந்தார். மிசின் காட்டிக்கொடுத்துவிட்டால்? முன்பு அங்கே போய்வந்த பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெடியன் றொபேட்டிடம் மெல்லக் கதை பிடுங்கினார். "தோலுக்குள்ளால கரண்ட் விட்டு அளக்கிறது, அண்ணை. கை வேர்த்திருந்தாக் கோடு ஏறும், காஞ்சிருந்தா விழுந்திடும்." போதாதா? புறப்படுகிற அன்று குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, கையிலும் காலிலும் பவுடரை அப்பித் தேய்த்தார்.

வைத்தியர் ஒரு பித்தளைக் குழாயை அவர் கையில் பிடிக்கக் கொடுத்து, பேனை போன்ற ஒன்றால் மணிக்கட்டிலும் பாதத்திலும் தொட்டுக்கொண்டே போனார். நுரையீரலுக்கு ஒன்று, இருதயத்துக்கு ஒன்று என்று திரையில் வந்த கோடுகள் எல்லாம் உயராமல் கட்டையாக நின்றன. நவரட்ணத்துக்கு உயிர் வந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வைத்தியருக்கு மிசினில் சந்தேகம். சுகமான ஆளை வைத்துப் பார்க்கலாம் என்று தவமணியைக் கூப்பிட்டார். குழாயில் ஒட்டியிருந்த வெள்ளையைக் கண்டதும் அதைத் துடைத்துவிட்டு நவரட்ணத்தை ஒருமுறை பார்த்தார். நவரட்ணம் சுவரைப் பார்த்தார்.

தவமணி சிரித்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள். அவளுடைய கோடுகள் அவருடையதைவிடக் கட்டை. சில எழும்பவேயில்லை. வைத்தியர் திரையை விட்டுவிட்டு அவளுடைய நாடியைப் பிடித்தார், நாக்கை நீட்டச் சொன்னார், சாப்பிடுவதில்லையா என்று கேட்டார்.

தவமணி தனக்குத் தெரிந்த இங்கிலிசில் சொன்னாள். "இப்ப கௌரி விரதம், டொக்டர். ஒரு நேரம்தான் சாப்பாடு. இவருக்குப் பெலன் வரவேணுமெண்டு இந்த முறை பகலில தண்ணியும் குடிக்கிறேல்லை."

வருசா வருசம் பிடிக்கிற விரதம்தானே என்று நவரட்ணம் அதைக் கவனித்ததே இல்லை. அந்த நிமிடம் நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று அவருக்குப் பட்டது.

வைத்தியர் ஒரு பொதி மருந்து கொடுத்தார். அதைத் தவமணியின் கையில் வைத்து, "உனக்கு. அவருக்கு வேண்டாம்" என்று அழுத்திச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் தவமணி மருந்தை அவித்து வடித்து, கோப்பையை அவரிடம் நீட்டினாள்.

"இது உமக்கெல்லோ தந்தது?"

"விரதத்தில நான் உதுகள் குடிக்கக்கூடாது. மிசின் உங்களுக்கும் குறைவெண்டுதானே காட்டினது? குடியுங்கோ."

"தவம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லையப்பா."

"வருத்தக்காரர் எல்லாரும் உப்பிடித்தான் சொல்லுறவை."

கோப்பையை வாங்கினார். வெட்கத்தில் கை நடுங்கி மருந்து தளும்பியது. அதைக் கண்டதும் தவமணியின் முகம் சுருங்கிவிட்டது.

"ஐயோ, கை நடுங்குது பாருங்கோ. கடைசி நாள் காப்புக் கட்டி முடிஞ்சாலும் நான் இந்தமுறை விரதத்தை விடமாட்டன். உங்களுக்குச் சுகம் வருமட்டும் பிடிப்பன்."

பவுடர் பூசியதைச் சொல்ல அப்போதும் அவருக்கு வாய் வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டு நிற்க, நவரட்ணம் அவளுடைய மருந்தைக் குடித்தார்.