வேதக்கோயில் படி

என் அம்மா மாரித்தாய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி அந்த மாரியம்மனே நேரில் வந்தாலும், உட்காரவைத்துக் கட்டன் டீ கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். நானும் அவள் வயிற்றில் பிறந்தவள்தான். விட்டுக்கொடுப்பது என்ற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

பதினோரு வருடத்துக்கு முன் என் அக்கா ஆனந்தி, கபிரியேலைக் கட்டிக்கொண்டு வேதத்துக்குப் போனாள். எங்கள் எஸ்டேட்டில் கிறிஸ்தவர்களை வேதக்காரர்கள் என்றும், சர்ச்சை வேதக்கோயில் என்றும்தான் சொல்வோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொழுந்து பறிக்க மலையேறிய தாத்தன் காலத்துப் பேச்சு அது. அக்காவுக்குக் கத்தரீனாள் என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கு அம்மா, லயம் என்கிற எங்கள் எஸ்டேட் வரிசை வீட்டு வாசலில் நின்று, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சொன்னாள்: "செத்தாலும் நான் வேதக்கோயில் படிய மிதிக்க மாட்டேன். அவளும் என் வாசலுக்கு வரக் கூடாது. இது ஆத்தா மேல சத்தியம்!"

மாரியம்மன் கோயிலும் எங்கள் லயமும் இந்த மேட்டில். வேதக்கோயிலும் அக்கா வீடும் எதிர் மேட்டில். நடுவே ஓர் ஓடையும் இரண்டு ஃபீல்டு தேயிலையும்தான். பதினோரு வருடமாக இரண்டு பேரும் அந்தத் தேயிலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா மகள் தமிழ்ப்ரியாவுக்குப் பத்து வயது. இந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை என்றார்கள். பிள்ளைகள் வெள்ளை உடுப்புப் போட்டு, பூசையில் முதல் தடவையாக அப்பம் வாங்குகிற நாள். அக்கா போனில் அழுதாள். "அம்மா வராம அந்த விருந்துச் சோறு எனக்கு எறங்காதுடி சித்ரா."

"நான் கூட்டிட்டு வாரேன். அழாத," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யாரைக் கூட்டி வருவதாகச் சொன்னோம் என்று உறைத்தது.

எனக்குப் பள்ளிவாசல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் வேலை. அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். அந்த வாரம் பாலக்காட்டுப் பக்கம் எருத்தேன்பதியிலிருந்து ஆறுச்சாமி என்று ஒருவர் வந்து தங்கியிருந்தார். கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது தென்னந்தோப்பு பார்க்கிறாராம். "ஏனுங்க அம்மணி, மதமெல்லாம் மேல பாத்தாத்தான் தனித்தனி மரமுங்க. அடியில தோண்டிப் பாருங்க, வேரு பின்னிக் கெடக்கும்," என்று ஆரம்பித்தார் என்றால் இட்லி ஆறி, சட்னி காய்ந்து, பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போய்விடுவார்கள். அவர் நிறுத்த மாட்டார்.

கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா நான் சொல்வதைக் காதில் வாங்க மாட்டாள்; ஞாயிற்றுக்கிழமை விருந்தைப் பற்றிச் சொன்னபோதும் பாதியில் எழுந்து போய்விட்டாள். ஆனால் கோயில் முன்னால் மைக்கில் யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்புவாள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி என்று பத்து வருடம் நான் கத்தினேன், கேட்கவில்லை. போன திருவிழாவில் சுகாதாரத்துறை ஆள் மைக்கில் ஒரு தடவை சொன்னார், மறுநாளே கொதிக்கவைத்தாள். எல்லா மதத்துக்கும் வேர் ஒன்று என்பதையும் மைக்கில் சொல்லவைத்துவிட்டால் போதும்.

எங்கள் மாரியம்மன் பொங்கல், புதுநன்மைக்கு இரண்டு நாள் முன்னால், அந்த வெள்ளிக்கிழமை. கோயில் கமிட்டித் தலைவர் நல்லதம்பி அண்ணன் சாயங்காலத்துக்கு ஆர்கெஸ்ட்ரா பேசி வைத்திருந்தார். நான் போய்ச் சண்டை போட்டேன். "போன வருசமும் ஆர்கெஸ்ட்ரா, அதுக்கு முந்தின வருசமும் ஆர்கெஸ்ட்ரா. உங்களுக்கு ஆடணும்னா வீட்டுல ஆடுங்கண்ணே!" என்றேன். அரைமணி நேரத்தில் அவர் களைத்துப் போனார். சொற்பொழிவு முடிவானது. பேச வருகிறவருக்கு, கோயிலில் மூத்தவள் என்ற முறையில் அம்மா பொன்னாடை போர்த்துவது என்றும் முடிவானது. அம்மா அதற்காகப் பெட்டியைத் திறந்து அரக்குக் கரைப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஆறுச்சாமி ஐயாவை ரிசார்ட்டிலிருந்து ஜீப்பில் கூட்டி வரும் வேலையைச் சதீஷிடம் கொடுத்தேன். சதீஷ் எங்கள் லயத்துப் பையன், டூரிஸ்டு ஜீப் ஓட்டுகிறான். நான் செய்த ஒரே தப்பு அதுதான்.

மணி ஐந்து ஆயிற்று. மேகம் இறங்கி எதிர் மேடே தெரியவில்லை. கோயில் முன் ஜனம் உட்கார்ந்திருந்தது. அம்மா பொன்னாடையைத் தட்டில் வைத்துக்கொண்டு முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்தரை ஆயிற்று. சதீஷுக்குப் போன் போகவில்லை. "ஆர்கெஸ்ட்ரான்னா இந்நேரம் மூணு பாட்டு முடிஞ்சிருக்கும்," என்றார் நல்லதம்பி அண்ணன், என் காதில் விழுகிற மாதிரி.

அப்போது எதிர் மேட்டில் ஸ்பீக்கர் கரகரத்தது. "எல்லாருக்கும் வணக்கமுங்க!"

அந்த 'ங்க' எங்கள் மலையில் விளைகிற சரக்கு இல்லை.

"அது நம்ம ஆளுல்லா?" என்று எழுந்தார் நல்லதம்பி அண்ணன்.

"இந்த ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டியாரோட பெரிய மனசைப் பாருங்க," என்று முழங்கியது எதிர் மேடு. "எல்லா மதத்தைப் பத்தியும் பேச வாங்கன்னு கூப்புட்டதோட, ஏசுநாதர் கோயிலுக்குள்ளயே மேடை போட்டுக் குடுத்துப்போட்டாங்க. இப்படி ஒரு கமிட்டிய நான் எங்கயும் கண்டதில்லீங்க!"

நல்லதம்பி அண்ணனுக்குக் கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியவில்லை. அம்மாவுக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "நம்ம வீட்டுக்கு வந்த விருந்தாளிய வேதக்காரங்க மறிச்சு வச்சிருக்காக!" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அவள் எழுந்தால் கூட்டம் எழும். மொத்த ஜனமும் தேயிலைக்குள் இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர் மேட்டில் ஏறியது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

அங்கே போனதும் எனக்கே ஐயா மேல் குற்றம் சொல்லத் தோன்றவில்லை. வேதக்கோயிலில் மாதா திருவிழா. முற்றத்தில் கொடிமரம், அதில் கொடி. குருத்தோலைத் தோரணம். பூ வைத்துச் சோடித்த சப்பரம். வெளியே கழற்றிப் போட்ட செருப்புகள். நேர்ச்சைக்கு மொட்டை போட்ட இரண்டு குழந்தைகள் சந்தனத் தலையோடு ஓடிக்கொண்டிருந்தன. மேகத்துக்குள் வந்து இறங்கிய மனுசன் இதைக் கோயில் என்று நினைக்காமல் வேறு என்னவென்று நினைப்பார்? இவர்களும் போடியிலிருந்து வர வேண்டிய பிரசங்கச் சாமியாருக்காகக் காத்திருந்தார்களாம். அவர் மலைப்பாதையில் லாரி மறித்து நின்றுவிட, வெள்ளை ஜிப்பாவில் ஜீப்பிலிருந்து இறங்கியவரை "சாமி வாங்க" என்று மாலை போட்டு உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். மாதா சொரூபத்தைக் கண்ட பிறகும் ஐயா அசரவில்லை. எல்லாம் எங்கள் ஏற்பாடு என்று சந்தோசப்பட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்.

எல்லோரும் உள்ளே ஓடினார்கள். வேதக்கோயிலுக்கு மூன்று படி. அம்மா மட்டும் முதல் படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டாள். பட்டுச் சேலை நனைந்தது. பொன்னாடையை மட்டும் முந்தானைக்குள் வைத்து நனையாமல் காத்தாள். நானும் கூட நின்றேன்.

"ஏட்டி, உள்ள போ. போய் அவரக் கூட்டிட்டு வா," என்றாள்.

"நீயும் வா."

"நான் சத்தியம் பண்ணிருக்கேன்."

உள்ளேயிருந்து ஒரு குடை வந்தது. பிடித்துக்கொண்டிருந்தவள் அக்கா. மேல் படியில் வந்து நின்றாள். இறங்கி வந்தால் அம்மா திரும்பிப் போய்விடுவாளோ என்று பயம். அங்கிருந்தே குடையை நீட்டினாள். மூன்று படிக்குக் குடை எட்டுமா? குடையை முன்னால் நீட்டியதில் அக்காவும் நனைந்தாள், அம்மாவும் நனைந்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு கொடிமரத்தைப் பார்த்தாள். எனக்கு இரண்டு பேரையும் சேர்த்து அறையலாம் போலிருந்தது. அழுகையும் வந்தது.

உள்ளே மைக் பக்கத்தில் நல்லதம்பி அண்ணன் சதீஷைப் பிடித்துவிட்டார். அது அப்படியே ஸ்பீக்கரில் கேட்டது.

"ஏலே, மாரியம்மன் கோயிலுக்குத்தானல கூட்டிட்டு வரச் சொன்னோம்?"

"எனக்கென்ன தெரியும்ணே? சித்ராக்கா ஐயாவக் கோயிலுக்குக் கூட்டிட்டு வான்னுச்சு. இவர்ட்ட எதுக்குப் போறீகன்னு கேட்டேன். வேதத்தப் பத்திப் பேசன்னாரு. கோயிலு, வேதம். ரெண்டையும் சேத்தா வேதக்கோயில்தான?"

உள்ளே ஒருவர் வெடித்துச் சிரித்தார். பங்குச் சாமியார் என்று பிறகு தெரிந்தது. கோயிலே சிரித்தது. ஆறுச்சாமி ஐயாவின் சிரிப்பு அடங்கத்தான் நேரமாயிற்று.

"தம்பி, எங்க பாலக்காட்டுப் பக்கம் இதைப் பள்ளிம்பாங்க. மசூதியும் பள்ளிதான். புள்ளைக படிக்கறதும் பள்ளிதான். நீங்க வேதக்கோயில்னு சொல்றது எனக்குத் தெரியாதுங்க," என்றார். குரல் மாறியிருந்தது. மேடைக் குரல் போய், வீட்டுக் குரல் வந்திருந்தது. "நாப்பது வருசம் புஸ்தகம் பொரட்டி வேரைத் தேடுனனுங்க. வேதம்னா அறிவு, அதே வேருல இருந்து லத்தீன்ல 'பாக்கறது'க்கு ஒரு வார்த்தை, அப்படியெல்லாம் தோண்டித் தோண்டிப் பாத்தேன். இந்த ஜீப்புக்காரத் தம்பி ஒத்த வார்த்தையில காட்டிப்போட்டான். வேதம்கறது எங்க ஊட்டுச் சாமானுன்னு நெனச்சுட்டு இருந்தேன். அந்தப் பேரை எடுத்து உங்க கோயிலுக்கு வெச்சிருக்கீங்க. நானு சண்டைக்கு வல்லீங்க. ஒரே பேரை ரெண்டு ஊட்டுக்கு வெச்சா, அது பங்காளி ஊடு. வேற என்னங்க?"

அம்மா கொடிமரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"என்ன சொல்லுதாரு அவரு? வேதம் நம்மளுதா?"

"நம்மளுதும்தான்."

"நம்ம பேரத்தான் இதுக்கு வச்சிருக்காகளா?"

"ஆமா."

அம்மா முதல் படியைக் குனிந்து பார்த்தாள். "அப்ப இது நம்ம பங்காளி கோயிலுல்லாட்டி? நான் சத்தியம் பண்ணது அடுத்தவக கோயில் படிய மிதிக்க மாட்டேன்னுதான? நம்ம கோயில் படியில ஏற நான் எவகிட்ட கேக்கணும்?"

அவள் சத்தியம் பண்ணின அன்றைக்கு நான் அடுத்தே நின்றிருந்தேன். 'அடுத்தவக' என்ற சொல் அதில் கிடையாது. சாதாரண நாளாக இருந்தால் நான் அதைச் சொல்லிக் காட்டாமல் விடவே மாட்டேன். அன்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அம்மா செருப்பைக் கழற்றினாள். குனிந்து முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வலது காலை எடுத்து வைத்தாள்.

அக்காவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திரும்பி நடந்தால் அம்மா நின்றுவிடுவாளோ என்று, விரித்த குடையைப் பிடித்தபடியே பின்னால் பின்னால் நடந்தாள். அம்மா ஓர் அடி வைக்க, அவள் ஓர் அடி பின்வாங்க, கோயிலுக்குள் நடுவழியே விரித்த குடையோடு இருவரும் போனார்கள். இரண்டு பக்கமும் ஜனம் விலகிற்று. அந்தக் குடையை மடக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். பொன்னாடை வருவதைப் பார்த்ததும் ஆறுச்சாமி ஐயா பேச்சை நிறுத்தி, கைகூப்பி, கழுத்தை முன்னால் நீட்டிக் குனிந்தார். அம்மா முந்தானைக்குள்ளிருந்து பொன்னாடையை எடுத்து உதறினாள். அவரைத் தாண்டிப் போனாள். அக்காவின் ஈரத் தோளைச் சுற்றிப் போர்த்தி, இரண்டு முனையையும் இழுத்துக் கழுத்தடியில் முடிந்தாள்.

"நனைஞ்சு போயி நிக்கா. சளி பிடிச்சா ஞாயித்துக்கெழம விருந்துக்கு யாரு ஒலை வைப்பா?" என்றாள்.

மைக் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு மேடும் கேட்டது.

"அம்மா," என்றாள் அக்கா. அதுவும் கேட்டது. குடை கீழே விழுந்த சத்தமும் கேட்டது. தமிழ்ப்ரியா எங்கிருந்தோ ஓடிவந்து இருவருக்கும் நடுவில் புகுந்துகொண்டாள். "புதுநன்மைக்கு வெள்ளைப் பூமாலை கட்டித் தர ஆச்சிக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்டதற்கு, "ஆச்சிக்குத் தெரியாதது என்னட்டி இருக்கு," என்றாள் அம்மா. பதினோரு வருடம் அடக்கி வைத்த குரல் அது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

ஆறுச்சாமி ஐயா இன்னும் குனிந்தபடியே இருந்தார். பங்குச் சாமியார்தான் தன் கழுத்து மாலையைக் கழற்றி அவருக்குப் போட்டு நிமிர்த்தினார். பிறகு எல்லோரும் ஓடையைத் தாண்டி எங்கள் கோயிலுக்கு வந்தோம். ஐயா மறுபடியும் பேசினார். ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மேட்டு ஜனமும் பொங்கல் வாங்க வரிசையில் நின்றது. அக்காவும் வரிசையில் நின்றாள். அவளைப் பார்த்ததும் அம்மா, "வீட்டுக்காரிக்கு வரிசை என்ன வரிசை, போய் அகப்பையப் பிடி," என்று விரட்டினாள். அப்படி அந்தச் சத்தியத்தின் இரண்டாவது பாதியும் போயிற்று.

வீட்டுக்கு வந்து, நனைந்த பட்டைக் கொடியில் விரித்துக்கொண்டே அம்மா கேட்டாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஏட்டி, நான் அன்னைக்கு அடுத்தவக கோயில்னுதான சொன்னேன்?"

"ஆமாம்மா," என்றேன். "அடுத்தவக கோயில்னுதான் சொன்ன. நான் பக்கத்துலதான நின்னேன்."

அம்மா சேலையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். என் வாழ்நாளில் அவள் சொன்னதற்கு நான் ஆமாம் போட்டது அந்த ஒரு தடவைதான்.